கணனிக்கும் ஒரு ட்ரைவர் வேண்டும்



உங்கள் வீட்டு அலுமாரியின் மேல்தட்டில், பழைய கலியாண அல்பங்களுக்கும் விருந்தாளி வந்தால் மட்டும் இறக்கும் கோப்பைச் செட்டுக்கும் நடுவில், ஒரு பழைய மடிக்கணனி கிடக்கிறதா? பெரும்பாலான வீடுகளில் இன்று ஒன்று இருக்கவே செய்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்தவர் கொடுத்ததாக இருக்கலாம். அலுவலகத்தில் கழித்துவிட்டதாக இருக்கலாம். "அது பழுது, சரிவராது" என்று எப்போதோ யாரோ சொன்ன ஒரு சொல்லோடு அது அங்கே ஏறியிருக்கும். அந்தச் சொல் உண்மைதானா என்று பிறகு எவரும் கேட்டிருக்கமாட்டார்கள். அந்தக் கேள்வியை நீங்கள் கேட்கவேண்டும் என்பதற்காகவே இதனை எழுதுகிறேன்.

2022ஆம் ஆண்டை நம்மில் எவரும் இலகுவில் மறந்துவிட முடியாது. மார்ச் மாத ஆரம்பத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவையும் தாண்டியது. மார்ச் மாத இறுதியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்சாரம் இல்லை. ஜூன், ஜூலை மாதங்களில் எரிபொருள் இல்லாமல் பாடசாலைகளையும் மூடினார்கள். பிள்ளைகளின் படிப்பு மறுபடியும் கையடக்கத் தொலைபேசிக்குள் போய்ச் சேர்ந்தது.

எங்கள் வீட்டில் மூத்த மகள் உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். உயிரியல் பாடம். இதயத்தின் படத்தையும் சிறுநீரகத்தின் படத்தையும் உள்ளங்கை அளவு திரையில் பார்த்து அவள் கொப்பியில் வரைய வேண்டும். அதே தொலைபேசிதான் தம்பியின் வகுப்புக்கும் வேண்டும். ஒருவர் வகுப்பில் இருந்தால் மற்றவர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திண்ணையில் இருப்பார். புதிய மடிக்கணனியின் விலையை விசாரித்தோம். காலையில் சொன்ன விலை மாலையில் இல்லை. அந்தப் பேச்சை அதோடு விட்டுவிட்டோம்.

அப்போதுதான் என் நானா கட்டாரிலிருந்து வரும்போது கொண்டுவந்து தந்த பழைய கணனி நினைவுக்கு வந்தது. டெல் கம்பனியின் லெட்டிடியூட் வகை, 2011ஆம் ஆண்டில் வந்தது. அதில் விண்டோஸ் 7 இருந்தது. மைக்ரோசொப்ட் நிறுவனம் 2020 ஜனவரி 14ஆம் திகதியோடு அதற்குரிய பாதுகாப்புத் திருத்தங்களை நிறுத்திவிட்டது. எனவே விண்டோஸ் 10 போட்டுத் தரும்படி நகரத்தில் ஒரு கடையில் கொடுத்தோம். மூன்றாம் நாள் கணனி திரும்பி வந்தது. கூடவே ஒரு தீர்ப்பும் வந்தது.

"விண்டோஸ் போட்டாச்சு. ஆனா வைபை இல்ல, மைக் இல்ல, ஸ்க்ரீனும் சரியில்ல. போர்ட் போயிட்டு. இதுக்குக் காசு செலவழிக்கிறது வீண்."

வீட்டில் எல்லோரும் அதை ஏற்றுக்கொண்டார்கள். எனக்கு மட்டும் ஒரு சந்தேகம். ஒரு மனிதருக்குக் கண்ணும் காதும் வாயும் ஒரே நாளில், அதுவும் உடுப்பு மாற்றிய அதே நாளில், பழுதாகுமா? விண்டோஸ் மாற்றுவதற்கு முதல்நாள் இந்த மூன்றுமே வேலை செய்தன. வெளிநாட்டில் கணனி வேலை பார்க்கும் என் மருமகனிடம் அன்றிரவு தொலைபேசியில் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "மாமி, போர்ட் போகல்ல. ட்ரைவர் போடல்ல" என்றார்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த என் உம்மா, "என்ன புள்ள, கொம்பியூட்டருக்கும் ட்ரைவரா? வேனுக்கே பெற்றோல் இல்லாத நேரத்துல!" என்றார். சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு நொந்தது.

உம்மா கேட்டதில் நியாயம் இருக்கிறது. ட்ரைவர் என்ற பெயர்தான் நம்மைக் குழப்புகிறது. சாரதி என்று நினைக்காமல் மொழிபெயர்ப்பாளர் என்று நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குச் சிங்களம் மட்டும் தெரிந்த மேசன் பாஸ் வருகிறார். வீட்டுக்காரிக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். பாஸ் கெட்டிக்காரர், கையில் கரண்டியும் இருக்கிறது. வீட்டுக்காரிக்கும் என்ன வேண்டும் என்று தெரியும். ஆனால் இடையில் நின்று இரண்டு பக்கமும் பேச ஒரு பிள்ளை இல்லாவிட்டால் சுவர் எழும்பாது. அந்தப் பிள்ளைதான் ட்ரைவர். வைபை, ஒலி, திரை என்று ஒவ்வொரு பாகமும் ஒவ்வொரு பாஸ். விண்டோஸ்தான் வீட்டுக்காரி. விண்டோஸை மாற்றினால் வீட்டுக்காரி மாறிவிட்டாள் என்று அர்த்தம். பழைய பிள்ளை பழையவரோடு போய்விட்டது. பாஸ் சும்மா இருக்கிறார். அதைப் பார்த்து, "பாஸுக்கு வேலை தெரியாது, அனுப்பிவிடுங்கள்" என்று சொல்வது எவ்வளவு பெரிய அநியாயம்!

சரி, எந்தப் பாஸ் சும்மா இருக்கிறார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? விண்டோஸில் டிவைஸ் மனேஜர் என்று ஒரு பக்கம் உண்டு. கீழே மூலையில் உள்ள விண்டோஸ் அடையாளத்தின்மேல் வலது பக்கப் பொத்தானை அழுத்தினால் வரும் பட்டியலில் அதன் பெயர் இருக்கும். திறந்தால் கணனியின் பாகங்கள் எல்லாம் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். ட்ரைவர் இல்லாத பாகத்தின் பக்கத்தில் மஞ்சள் நிறத்தில் ஓர் ஆச்சரியக்குறி நிற்கும். அதனைத் திறந்து பார்த்தால் "கோட் 28" என்று எழுதியிருக்கும். ட்ரைவர் போடப்படவில்லை என்பதே அதன் பொருள். பாகம் செத்துவிட்டது என்பதல்ல. சொல்லப்போனால், பட்டியலில் பெயர் வந்திருப்பதே அந்தப் பாகம் உயிரோடு இருக்கிறது என்பதற்கு நல்ல அடையாளம்.

எங்கள் கணனியில் ஐந்து மஞ்சள் குறிகள் நின்றன. அதைப் பார்த்தபோது எனக்கு உண்டான சந்தோஷத்தை என்னவென்று சொல்வது! அந்த ஐந்தும் மகளின் வகுப்புக்கு ஐந்து கதவுகள்போல எனக்குத் தெரிந்தன.

சிலவற்றில் "அன்னோன் டிவைஸ்", அதாவது அறியாத பொருள் என்று மட்டுமே இருக்கும். பயப்படாதீர்கள். அதன்மேல் வலது பொத்தானை அழுத்தி, ப்ரொப்பட்டீஸ் என்பதில் போய், டீடெய்ல்ஸ் என்ற பகுதியில் ஹார்ட்வெயார் ஐடீஸ் என்பதைத் தெரிவுசெய்யுங்கள். ஒரு நீண்ட எண் வரும். அதில் "வென்" என்ற எழுத்துகளுக்குப் பின்னால் வருவது செய்த கம்பனியின் இலக்கம். "டெவ்" என்பதற்குப் பின்னால் வருவது பொருளின் இலக்கம். நம் அடையாள அட்டை இலக்கத்தைப் போன்றதுதான். 8086 என்றால் இன்டெல், 14ஈ4 என்றால் புரோட்கொம், 10ஈசீ என்றால் ரியல்டெக், 10டீஈ என்றால் என்விடியா. இந்த நான்கையும் தெரிந்துகொண்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

பெயர்களும் சில நேரம் பயமுறுத்தும். "எஸ்.எம். பஸ் கொன்ட்ரோலர்" என்றால் பேருந்தைத் தேடவேண்டாம், தாய்ப்பலகையின் சிப்செட் ட்ரைவர் போட்டால் அது அடங்கிவிடும். "பீ.சீ.ஐ. சிம்பிள் கொம்யூனிகேஷன்ஸ் கொன்ட்ரோலர்" என்று வந்தால், இன்டெல் கணனிகளில் அது பெரும்பாலும் மனேஜ்மென்ட் எஞ்சின் என்ற உட்பாகம். "நெட்வேர்க் கொன்ட்ரோலர்" என்றால் வைபை. "ஈதர்நெட் கொன்ட்ரோலர்" என்றால் வயர் செருகும் இணைப்பு. திரையின் பெயர் "மைக்ரோசொப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடெப்டர்" என்று இருந்தால், உண்மையான கிரபிக்ஸ் ட்ரைவர் இன்னும் வரவில்லை என்று அர்த்தம். எழுத்துகள் பெரிதாகவும் மங்கலாகவும் தெரிவது அதனால்தான்.

இனி, ட்ரைவரை எங்கே எடுப்பது? இங்கேதான் ஒரு பழைய சிக்கல் வரும். ட்ரைவரை எடுக்க இணையம் வேண்டும். இணையத்துக்கு வைபை வேண்டும். வைபைக்கு ட்ரைவர் வேண்டும்! திறப்பை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டிய கதைதான். வழி இருக்கிறது. அண்ட்ரொய்ட் தொலைபேசியைச் சார்ஜ் பண்ணும் வயரால் கணனியோடு இணைத்து, தொலைபேசியின் அமைப்புகளில் "யூ.எஸ்.பி. டெதரிங்" என்பதைத் திறந்துவிடுங்கள். தொலைபேசியின் இணையம் வயர் வழியாகக் கணனிக்குப் போகும். இதற்குத் தேவையான ட்ரைவர் விண்டோஸுக்குள்ளேயே இருப்பதால் பெரும்பாலும் வேறொன்றும் வேண்டியதில்லை. டேட்டா செலவாகும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

வைபை விடயத்தில் இன்னும் ஒன்று. எங்களுடையதைப் போன்ற பழைய லெட்டிடியூட் கணனிகளின் ஓரத்தில் நகக்கண் அளவு ஒரு சிறிய ஆளி இருக்கும். அதனை ஓவ் பண்ணியிருந்தால் எத்தனை ட்ரைவர் போட்டாலும் வைபை வராது. வேறு சில கணனிகளில் அது விசைப்பலகையின் மேல் வரிசையில் ஒரு பொத்தானாக இருக்கும். முதலில் அதைப் பாருங்கள்.

இணையம் வந்ததும் நான் செய்த முதல் வேலை, விண்டோஸ் அப்டேட்டைத் திறந்துவிட்டுப் பேசாமல் இருந்ததுதான். விண்டோஸ் 10 தானாகவே பல ட்ரைவர்களைத் தேடி எடுத்துக்கொள்ளும். அது முடிந்த பின், அதே பக்கத்தில் "ஒப்ஷனல் அப்டேட்ஸ்" என்பதற்குள் இன்னும் சில ஒளிந்திருக்கும், அவற்றையும் பார்க்கவேண்டும். எங்கள் கணனியின் திரைக்கு அங்கேதான் வழி பிறந்தது. 2011ஆம் ஆண்டுத் தலைமுறைக் கிரபிக்ஸ் பாகத்துக்கு விண்டோஸ் 10 ஆதரவு தரப்போவதில்லை என்று இன்டெல் ஒதுங்கிவிட்டது. ஆனாலும் பழைய ட்ரைவர் ஒன்று விண்டோஸ் அப்டேட் வழியாக வந்து சேர்ந்தது. திரை ஒரு தடவை கறுத்தது. மறுபடி வெளிச்சம் வந்தபோது எழுத்துகள் எல்லாம் கடுகு போலச் சிறிதாகித் தெளிவாக நின்றன.

மிஞ்சியவற்றுக்குக் கணனி செய்த கம்பனியின் இணையத்தளத்துக்கே போகவேண்டும். டெல் கணனியின் அடிப்பக்கத்தில் சேர்விஸ் டெக் என்று ஏழு எழுத்துகளும் இலக்கங்களும் கலந்த ஒரு குறியீடு ஒட்டியிருக்கும். அதைத் தளத்தில் கொடுத்தால் உங்கள் கணனிக்குரிய ட்ரைவர்கள் மாத்திரம் பட்டியலாக வரும். பழைய கணனிகளுக்கு விண்டோஸ் 7 அல்லது 8.1 வரை மட்டுமே இருக்கும். அதைப் பார்த்து மனம் தளர வேண்டாம். விண்டோஸ் 7க்கு எழுதிய ட்ரைவரைப் பல நேரம் விண்டோஸ் 10உம் ஏற்றுக்கொள்ளும். ஆனால் ஒன்று: உங்கள் விண்டோஸ் 64 பிட் என்றால் ட்ரைவரும் 64 பிட்டாக இருக்கவேண்டும். 32 பிட் ட்ரைவரை அது வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும்.

போடும் ஒழுங்கும் முக்கியம். முதலில் சிப்செட், பிறகு கிரபிக்ஸ், பிறகு வைபை, ஒலி, கடைசியாக டச்பேட், கார்ட் ரீடர் போன்றவை. ஒவ்வொன்றாகப் போட்டு, கேட்டால் ரீஸ்டார்ட் செய்து, அடுத்ததற்குப் போங்கள். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் போட்டால், ஏதாவது குழம்பும்போது எது குழப்பியது என்று தெரியாது. கறிக்கு உப்பு யார் போட்டது என்று தெரியாமல் மூன்று பேர் போட்ட கதையாகிவிடும். தொடங்குமுன் "ரீஸ்டோர் பொயின்ட்" என்று ஒன்றை உண்டாக்கி வைத்துக்கொண்டால், குழம்பினாலும் பழைய நிலைக்குத் திரும்பலாம். ஒரு ட்ரைவரை மாத்திரம் பின்வாங்க, டிவைஸ் மனேஜரிலேயே "ரோல் பேக்" என்ற பொத்தானும் உண்டு.

அன்றாடம் மின்வெட்டு அட்டவணையைப் பார்த்துப் பார்த்துத்தான் வேலை செய்தேன். பட்டறி பத்து நிமிடமும் தாங்காது. இரண்டாம் நாள் மாலையில் ஒலி ட்ரைவர் ஏறியது. மகள் மைக்கின் முன்னால் இருந்து "ஒன்று, இரண்டு, மூன்று" என்று எண்ணினாள். திரையில் பச்சைக் கோடு துள்ளித் துள்ளி எழுந்தது. "உம்மா, நான் பேசுறது வெளங்குது!" என்று கத்தினாள். அன்றிரவே ஸூம் வகுப்பில், அதுவரை எழுத்தில் மட்டும் பதில் சொன்ன பிள்ளை, ஆசிரியரிடம் வாய் திறந்து கேள்வி கேட்டாள்.

ஒரேயொரு மஞ்சள் குறி மட்டும் அசையாமல் நின்றது. அதன் இலக்கத்தில் எஸ்.எம்.ஓ.8800 என்று இருந்தது. தேடிப் பார்த்ததில், கணனி கீழே விழுவதை உணர்ந்து ஹார்ட் டிஸ்கைப் பாதுகாக்கும் ஒரு சிறு உணரி அது என்று தெரிந்தது. எவ்வளவு பக்குவமாக யோசித்திருக்கிறார்கள்! டெல் தளத்தில் அதற்கும் ட்ரைவர் இருந்தது. ஓடும் தட்டு இல்லாத எஸ்.எஸ்.டி. மாற்றியிருப்பவர்களுக்கு இந்த உணரியால் அதிக பயன் இல்லை. அந்தக் குறி நின்றாலும் கவலைப்படத் தேவையில்லை.

இனி இரண்டு எச்சரிக்கைகள். இணையத்தில் ட்ரைவர் தேடும்போது, "உங்கள் கணனியில் 37 ட்ரைவர்கள் பழையவை, உடனே பணம் கட்டுங்கள்" என்று பயமுறுத்தும் மென்பொருள்கள் முன்னால் வந்து குதிக்கும். அந்தப் பக்கமே போகாதீர்கள். தேவையில்லாததையும் சில நேரம் வைரஸையும் அவை கூட்டிக்கொண்டு வரும். ட்ரைவர் இலவசம், கம்பனியின் தளமும் விண்டோஸ் அப்டேட்டும் போதும். அடுத்தது, அதே பட்டியலில் "பயோஸ்" என்று ஒன்று இருக்கும். அது ட்ரைவர் அல்ல. அதைப் புதுப்பிக்கும்போது இடையில் மின்சாரம் நின்றால் கணனி எழும்பாமலே போய்விடலாம். பட்டறி செத்த கணனியில், மின்வெட்டுக் காலத்தில், அதில் கைவைக்கவே கூடாது.

விடயம் பக்கத்து வீடுகளுக்குப் பரவியது. அடுத்த சில வாரங்களில் நான்கு கணனிகள் எங்கள் மேசைக்கு வந்தன. மூன்று எழும்பின. நான்காவது எழும்பவில்லை. அதன் ஹார்ட் டிஸ்க் "டிக், டிக்" என்று சத்தமிட்டது. அதற்கு ட்ரைவர் மருந்தல்ல. அப்படிச் சத்தம் கேட்டால் முதலில் படங்களையும் கடிதங்களையும் வேறிடத்தில் பிரதி எடுத்துவிடவேண்டும். எதைச் செய்தாலும் திரை கோடுகோடாகத் தெரிவது, டிவைஸ் மனேஜரில் பாகத்தின் பெயரே வராதது, இவையெல்லாம் உண்மையான பழுதின் அடையாளங்களாக இருக்கலாம். அவற்றுக்கு நல்ல திருத்துநரிடம்தான் போகவேண்டும். திருத்துநர்கள் எல்லோரையும் நான் குறை சொல்லவில்லை. என்ன கேட்கவேண்டும் என்று தெரிந்துகொண்டு அவர்களிடம் போங்கள் என்றுதான் சொல்கிறேன். "போர்ட் போய்விட்டது" என்று சொன்னால், "டிவைஸ் மனேஜரில் மஞ்சள் குறி இருக்கிறதா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். பேச்சு மாறுவதைக் காண்பீர்கள்.

இன்று நிலைமை இன்னும் கொஞ்சம் மாறிவிட்டது. விண்டோஸ் 10க்கான வழமையான இலவச ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்தது. விண்டோஸ் 11க்கோ, இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைச் சில்லும் டீ.பீ.எம். 2.0 என்ற பாதுகாப்புப் பாகமும் வேண்டும். பழைய கணனிகள் பல அந்த வாசலைத் தாண்டமாட்டா. அப்படியானவர்களுக்கு லினக்ஸ் என்ற வழி இருக்கிறது. லினக்ஸ் மின்ட், உபுண்டு போன்றவை இலவசம். அதில் பெரும்பாலான ட்ரைவர்கள் கேர்னல் என்ற உட்கருவுக்குள்ளேயே வருகின்றன. தேடித் திரியும் வேலை குறைவு. சில புரோட்கொம் வைபை பாகங்களுக்கும் என்விடியா கிரபிக்ஸ்க்கும் மட்டும், அதிலுள்ள ட்ரைவர் மனேஜரைத் திறந்து தனியாகத் தெரிவு செய்யவேண்டி வரும். எல்லாவற்றிலும் நல்ல விடயம், அதை ஒரு பென் ட்ரைவில் ஏற்றி, கணனியில் எதையும் அழிக்காமலே ஓட்டிப் பார்க்கலாம். வைபை வருகிறதா, சத்தம் வருகிறதா, கமெரா தெரிகிறதா என்று பார்த்து, திருப்தி என்றால் மட்டும் உள்ளே போடலாம். துணி எடுக்குமுன் வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பது போலத்தான்.

மகள் 2023ஆம் ஆண்டு ஜனவரியில் தொடங்கிய பரீட்சையை எழுதி முடித்தாள். அதற்கான பாடுபட்டவள் அவள்தான். அந்தப் பெருமையைக் கணனிக்குக் கொடுக்கமாட்டேன். ஆனாலும், பெரிய திரையில் படம் பார்த்து, வாய் திறந்து கேள்வி கேட்டுப் படிக்கும் வசதி ஒரு பெண்பிள்ளைக்கு இல்லாமல் போகவிருந்தது. அதற்குக் காரணம் வறுமை மட்டுமல்ல, தவறான ஒரு சொல்லும்தான். அதை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். சமையல் குறிப்பு எழுதும் கொப்பி உங்கள் எல்லோரிடமும் இருக்கும். அதன் பின்பக்கத்தில் ஒரு தாளை ஒதுக்குங்கள். உங்கள் கணனியின் வகை, அடிப்பக்கத்துக் குறியீடு, விண்டோஸ் 32 பிட்டா 64 பிட்டா என்பது, இந்த மூன்றையும் எழுதிவையுங்கள். கணனி நன்றாக ஓடும்போதே வைபை ட்ரைவரை ஒரு பென் ட்ரைவில் எடுத்து, பெயர் எழுதிய உறையில் போட்டு அலுமாரியில் வையுங்கள். அடுத்தமுறை யாராவது விண்டோஸ் மாற்றித் தரும்போது, அந்த உறையையும் கூடவே கொடுத்து, "ட்ரைவரும் போட்டுத் தாங்க" என்று சொல்லுங்கள். அவ்வளவுதான் வேலை.